மையைப் பார்க்காது, கையைப் பார்க்கும்!

தலைப்பு: குதிரை லாயத்துக்கு வரும் பெண்களுக்கு ஒப்பனை ஆகுமா, ஆகாதா?
அணி: ஆகும்

 

எனக்கு முன்னாடி பேசிய எதிரணித் தம்பி ஒரு வசனம் சொன்னார். “லாயத்துக்கு வர்ற பொண்ணு முகத்துல வேர்வை தெரியணும், பவுடர் தெரியக்கூடாது” என்றார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன். எதிரணிக்கு ஏன் தட்டுகிறாள் இவள் என்று எங்கள் தலைவர் என்னை முறைத்துக்கூடப் பார்த்தார். (சிரிப்பு) தட்டியதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று பேசியவள் நான். பேசிவிட்டு நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

நாங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறையில் கணக்கு வேலை. நான் தையல் வகுப்பு எடுக்கிறேன். ஒரே பெண். அவளுக்கு அப்போது 14 வயசு. மற்ற பிள்ளைகள் ஸ்கூட்டி கேட்கும், செல்போன் கேட்கும். எங்கள் பெண் கேட்டது குதிரை. (சிரிப்பு) “நம்ம வீட்டு வருமானத்துக்குப் பொய்க்கால் குதிரைதான்டி முடியும்” என்று அவள் அப்பா சிரித்தார். அவள் விடவில்லை. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளி. பேர் வேண்டாம். கட்டணத்தைக் கேட்டதுமே எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவள் அங்கே யார் யாரிடமோ பேசி, காலையில் ரெண்டு மணி நேரம் லாய வேலை செய்தால் பாதிக் கட்டணம் என்று முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லாய வேலை என்றால் என்ன? சினிமாவில் வருகிற மாதிரி பிடரியைத் தடவிக்கொண்டே பாட்டுப் பாடுவதா? இல்லை. லத்தி அள்ளணும். ஈரமான வைக்கோலை மாற்றணும். குளம்பில் சிக்கின கல்லைக் கொக்கியால் நோண்டி எடுக்கணும். உடம்பைத் தேய்த்துவிடணும். வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கணும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போனாள். ஒருநாள்கூட நான் எழுப்பியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பத்தான் இன்றைக்கும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் ஒரு பழக்கம். கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று, கண்ணுக்கு மை, உதட்டுக்கு லேசாக லிப்ஸ்டிக். ரெண்டு நிமிஷ வேலை.

நடுவர் அவர்களே, அந்த ரெண்டு நிமிஷம்தான் பிரச்னையாகிவிட்டது. ஒருநாள் அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டாராம்: “இது லாயமா, பியூட்டி பார்லரா? குதிரைக்கு அழகு காட்ட வந்தியா?” எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பெண் வீட்டுக்கு வந்து அழுதது. பெத்த தாய் நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலையைத் தடவிக் கொடுத்திருக்க வேண்டும். நான் சொன்னேன்: “அவர் கேட்டது நியாயம்தானே? உழைக்கப் போற இடத்துல ஒப்பனை எதுக்கு? அக்கறையா இருக்கிறவ இப்படியா போவா?” சொன்னதோடு விட்டேனா? மை டப்பாவையும் லிப்ஸ்டிக்கையும் எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் அவள் லாயத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நாற்பது நாள். ஐந்து மணிக்கு விழித்துவிடுவாள். விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அந்த முதுகைப் பார்த்த தாய்க்குத்தான் தெரியும், அது என்ன வலி என்று.

இப்போது எதிரணிக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன எல்லாமே தப்பு என்று சொல்லமாட்டேன். லாயத்துக்கு ஆகாத அலங்காரம் உண்டு. ஒரு பட்டியலே போடுகிறேன். தொங்குகிற ஜிமிக்கி ஆகாது. தலைக்கவசத்து வாரில் மாட்டும், காதைக் கிழிக்கும். கை நிறைய வளையல் ஆகாது, கடிவாளத்தில் சிக்கும். நீள நகம் ஆகாது. கும்மென்று அடிக்கிற சென்ட் ஆகாது. நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள பிராணி அது. தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு போனாள் ஒரு பெண். பின்னால் நின்ற குதிரை பாதிச் சரத்தைத் தின்றுவிட்டது! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அம்மா, நீங்க எந்த அணின்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு!

ஐயா, பொறுங்க. உங்க தீர்ப்பை நான் சுலபமாக்கிட்டு இருக்கேன். (கைதட்டல்) இந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றையும் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? மூன்றே கேள்விதான். குதிரைக்குக் கெடுதலா? ஏறுகிறவளுக்குக் கெடுதலா? வேலைக்குக் கெடுதலா? ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் லாயத்துக்குள் போக வேண்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்று வந்தால்? அந்தக் கண் மையால் குதிரைக்கு என்ன? அவளுக்கு என்ன? வேலைக்கு என்ன? ஒன்றுமில்லையே! அப்புறம் அது யாருடைய முகம்? லாயத்துப் பொதுச் சொத்தா? (கைதட்டல்)

“குதிரைக்கு அழகு காட்ட வந்தியா?” என்று கேட்டார்களே, குதிரைக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடுவோம். குதிரைக்குக் கண் தலையின் ரெண்டு பக்கமும் இருக்கிறது. கிட்டத்தட்ட 350 பாகைக்குச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும், நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால்தான் பின்பக்கமாகப் போனால் உதைக்கும் என்கிறோம். நிறத்தில் அது நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துப் பார்க்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆக, முந்நூறு ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கின சிவப்பு லிப்ஸ்டிக்கும் கீழே கிடக்கிற புல்லும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான். (சிரிப்பு)

ஆனால் ஒன்றை அது கண்டுபிடித்துவிடும். 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கோபமான மனித முகத்தின் புகைப்படத்தையும், சிரித்த முகத்தின் புகைப்படத்தையும் குதிரைகளுக்குக் காட்டினார்கள். கோப முகத்தைப் பார்த்ததும் குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தன. பயமுறுத்துகிற சங்கதியைப் பிராணிகள் இடது கண்ணால் பார்க்கிற வழக்கம் உண்டு. அப்படியானால் லாயத்தில் குதிரையைக் கலவரப்படுத்தின முகம் யாருடையது? மை போட்டுக்கொண்டு சிரித்தாளே, அவளுடையதா? பத்துப் பேர் முன்னால் கத்தினாரே, அவருடையதா? நடுவர் அவர்களே, இதை நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. குதிரை உலகத்தில் அலங்காரமே இல்லையா? பிடரியைப் பின்னிவிடுகிறோம். குளம்புக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குகிறோம். குடியரசு தின ஊர்வலத்தில் நம் ராணுவத்தின் 61-ஆவது குதிரைப்படை டெல்லியில் வருமே, பார்த்திருக்கிறீர்களா? தலைப்பாகை என்ன, பூட்ஸ் மினுக்கு என்ன, முறுக்கின மீசை என்ன! அவர்களைப் பார்த்து “இது படையா, பார்லரா?” என்று யாராவது கேட்போமா? அந்த மினுக்கை ‘ஒழுங்கு’ என்கிறோம். ஒரு சின்னப் பெண் கண்ணில் மை தீட்டினால் மட்டும் அது ‘மினுக்கு’! (கைதட்டல்)

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அய்யனார் கோயில் மண் குதிரைக்குக் கண் வரைந்து, கழுத்து மணி வரைந்து, வண்ணம் பூசாமல் விடுவோமா? சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். இந்த வருஷம் என்ன நிறப் பட்டு என்று ஊரே காத்துக்கிடக்கிறது. அலங்காரத்தோடு குதிரை ஏறுவது சாமிக்கு ஆகும், படைவீரனுக்கு ஆகும், என் பெண்ணுக்கு மட்டும் ஆகாதா? (சிரிப்பு, கைதட்டல்)

இந்த விளையாட்டை உலக அளவில் நடத்துகிறவர்களே 2021-இல் ரெண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, டிரெஸ்ஸாஜ் போட்டியில் கம்பீரத்துக்காகப் போட்டுக்கொண்டிருந்த உயரமான தொப்பியை எடுத்துவிட்டு, எல்லோரும் தலைக்கவசம்தான் போட வேண்டும் என்றார்கள். டிரெஸ்ஸாஜ் என்பது, சவாரி செய்பவரின் சைகைக்குக் குதிரை நடனம் போல அடியெடுத்து வைக்கிற போட்டி. இரண்டாவது, அழகுக்காகக் குதிரையின் மூக்கைச் சுற்றி இருக்கிற உணர்மயிரை மழித்தால் அந்தக் குதிரை போட்டியில் இறங்க முடியாது என்றார்கள். ஏனென்றால், தன் மூக்கருகில் இருப்பதைக் குதிரை தடவித் தெரிந்துகொள்வது அந்த மயிரால்தான். பிடரிப் பின்னலை மட்டும் விட்டுவிட்டார்கள். கெடுதல் செய்கிற அழகு வெளியே, கெடுதல் செய்யாத அழகு உள்ளே. என் மூன்று கேள்வியும் இதேதான்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய பூச்சு எது தெரியுமா? கையில் தடவுகிற மருந்துத் தைலம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே சில குதிரைகளின் உடம்பில் கேப்சைசின் இருப்பது தெரிந்து அவற்றை விலக்கினார்கள். மிளகாயின் காரம் இருக்கிறதே, அதுதான் கேப்சைசின். வலித் தைலங்களில் சேர்ப்பது. அதனால் நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. லாயத்துக்குள் நுழைகிறவளிடம் “கையில என்ன தடவியிருக்கே?” என்று கேளுங்கள், சரி. “கண்ணுல என்ன தீட்டியிருக்கே?” என்று கேட்டு என்ன ஆகப்போகிறது?

இனி, ‘அக்கறையா இருக்கிறவ இப்படியா வருவா?’ என்ற கேள்வி. நான் கேட்ட கேள்விதான் அது. ஆளின் வெளித்தோற்றத்தை வைத்து அக்கறையை அளந்தால் என்ன நடக்கும்? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் சுவீடனுக்குத் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷமே பிடுங்கிவிட்டார்கள். ஏன்? குழுவில் கெனால் பெர்சன் என்ற ஒருவர் ராணுவத்தில் முறையான அதிகாரி இல்லையாம், சார்ஜென்ட்டாம்! அதிகாரிகள்தான் ஏறலாம் என்பது அன்றைய விதி. குதிரை நன்றாக ஆடியதா என்ற கேள்விக்கு இடமே இல்லை. பிறகு விதியை மாற்றினார்கள். 1952 ஹெல்சிங்கியில் சாதாரண ஆட்களும் வரலாம், டிரெஸ்ஸாஜில் பெண்களும் வரலாம் என்றார்கள். என்ன ஆயிற்று? அதே பெர்சன் இருந்த சுவீடன் குழு தங்கம் வாங்கியது. டென்மார்க்கிலிருந்து லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணி வந்தார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார்! (பலத்த கைதட்டல்) ‘இவள் இதற்கான ஆள் இல்லை’ என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தால் அந்தப் பதக்கம் எங்கே?

2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு டிரெஸ்ஸாஜ் குழு தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு, 41 வருஷம் கழித்து வந்த தங்கம். அந்த நாலு பேரில் ரெண்டு பேர் பெண்கள், சுதிப்தி ஹஜேலாவும் திவ்யகிருதி சிங்கும். மார்க் போட்டவர்கள் பார்த்தது குதிரை எடுத்து வைத்த அடியை.

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: அந்த நாற்பது நாள் என்னாச்சுன்னு சொல்லாம நீங்க இறங்கக் கூடாதும்மா. ரெண்டு நிமிஷம் கூட எடுத்துக்கோங்க.

நன்றி ஐயா. நாற்பதாம் நாள் லாயத்துக் குதிரைக்காரப் பெரியவர் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “பாப்பா வரலீங்களாம்மா? ராணி தேடுதுங்க” என்றார். ராணி என்பது அவள் பார்த்துக்கொள்கிற வெள்ளைக் குதிரை. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷர் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: “குதிரை மையைப் பார்க்காதுங்கம்மா, கையைத்தான் பார்க்கும். பாப்பாவுக்கு நல்ல கைங்க.” (நீண்ட கைதட்டல்)

மறுநாள் போனாள். மை இல்லாமல்தான் போனாள். நான்தான் பூட்டி வைத்திருக்கிறேனே! வேலை செய்தாள், வந்தாள், பேச்சே இல்லை.

ரெண்டு மாசம் கழித்துப் பள்ளிக்கூட ஆண்டு விழா. பரத நாட்டியம். முகம் முழுக்கப் பூச்சு, காது வரைக்கும் மை. முடிந்து வரும் வழியில், “அஞ்சு நிமிஷம்மா, ராணிக்கு ஒரு கேரட் கொடுத்துட்டு வந்துடறேன்” என்றாள். ராத்திரி ஏழு மணி. சலங்கையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் கத்தினாள், “தாத்தா, இங்க வாங்க! ராணி காலையிலேர்ந்து லத்தியே போடலை!” காலையில் அந்த இடத்தை அள்ளிச் சுத்தம் செய்தவள் அவள்தானே? அப்புறம் புதிதாக எதுவும் விழவில்லை என்பது அவளுக்குத்தான் தெரிந்தது. குதிரை முன்னங்காலால் தரையைப் பிராண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. காலிக் என்கிற வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது திரும்பி வாய் வழியாக வராது. கவனிக்காமல் விட்டால் விடிவதற்குள் உயிர் போகலாம்.

டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் வர ஒன்றரை மணி நேரம். கீழே விழுந்து புரளாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என் பெண் நாட்டிய உடுப்போடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் பக்கத்தில் வர, அந்தக் குதிரையை மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். கண் மை கரைந்து கன்னம் முழுக்கக் கறுப்பு. டாக்டர் வந்தார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார், ஊசி போட்டார். நடுராத்திரிக்கு மேல் ராணி லத்தி போட்டது. லத்தியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட குடும்பம், ஐயா, எங்கள் குடும்பம்! (சிரிப்பு, கைதட்டல்) பார்லரா என்று கேட்டவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் கைக்குட்டையை நனைத்து என் பெண்ணிடம் நீட்டினார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் கேட்டேன், “ஏன்டி, அன்னிக்கு எதுக்குடி மை போட்டுக்கிட்டுப் போனே?” அவள் சொன்னாள்: “அங்க எல்லாரும் பசங்கம்மா. என்னையும் டேய்னுதான் கூப்பிடுவாங்க. லத்தி அள்றப்பவும் நான் நானா இருக்கேன்னு எனக்குத் தெரியணும்ல? அதுக்கு ரெண்டு கோடு. அவ்வளவுதான்.”

விடிந்ததும் பீரோவைத் திறந்து மை டப்பாவை எடுத்துக் கண்ணாடி முன்னால் வைத்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. எந்தத் தாய் கேட்டிருக்கிறாள்? அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “போடணும்னு தோணினா போட்டுக்கறேம்மா. இன்னிக்குத் தூக்கம்தான் வருது” என்று வெறும் முகத்தோடு கிளம்பிப் போய்விட்டாள். (கைதட்டல்)

அதுதான் நடுவர் அவர்களே, நான் கேட்பது. ‘ஆகும்’ என்றால் எல்லாரும் போட்டே தீரணும் என்று அர்த்தம் இல்லை. பரிசளிப்பு விழாவில், “போட்டோவுக்குக் கொஞ்சம் லிப்ஸ்டிக் போட்டுக்கோயேன்” என்று போடப் பிடிக்காத பெண்ணைப் பிடித்துத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். போடாதே என்கிறதும், போடு என்கிறதும் ஒரே அதிகாரம்தான். தலைக்கவசம் இருக்கா என்று பாருங்கள். பூட்ஸ் இருக்கா என்று பாருங்கள். குளம்பைச் சுத்தம் செய்தாளா, தண்ணீர் வைத்தாளா என்று பாருங்கள். முகத்தை அவளிடமே விட்டுவிடுங்கள்.

குதிரையே கையைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறது. நாம் மனுஷர்கள், அதைவிடக் குறைவாகவா இருக்க வேண்டும்? 

(நீண்ட கைதட்டல்)